ஏர்பிரஷ்: கையில் எடுப்பது முதல் கழுவி வைப்பது வரை

ஏர்பிரஷ் என்பது காற்றழுத்தத்தால் பெயின்ட்டைப் பொடித்துளிகளாகத் தெளிக்கும் சிறு கைக்கருவி. ஆசையாக அதை வாங்கிய பலர் சில வாரங்களிலேயே அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "அடைச்சுக்குது", "துப்புது", "கோடு நேரா வரல" என்பார்கள். பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. பெயின்ட் வெளியே வரும் துளையின் அகலம் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். அங்கே துளியளவு பெயின்ட் காய்ந்தாலும் இந்தத் தொல்லைகள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். பெயின்ட் கலப்பது, அழுத்தம் வைப்பது, டிரிகரைப் பிடிப்பது, கழுவுவது என நாம் பழக வேண்டியதில் பெரும்பகுதி, ஊசி முனையில் பெயின்ட் காயாமல் பார்த்துக்கொள்வதற்கான வேலைதான். நம் ஊர் வெயிலில் அது இன்னும் முக்கியம்.

உள்ளே என்ன நடக்கிறது

கருவியின் நடுவே நீளமான ஊசி ஒன்று ஓடுகிறது. அதன் கூரிய முனை, முன்னால் இருக்கும் நாசிலுக்குள் (பெயின்ட் வெளியே வரும் துளையுள்ள சிறு குழல்) போய் அடைத்துக்கொண்டு நிற்கும். டிரிகரைக் கீழே அழுத்தினால் காற்று மட்டும் வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கி, நாசிலில் வழி திறக்கும். நாசிலைச் சுற்றி வேகமாகப் பாயும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைப்பதால் பெயின்ட் வெளியே இழுக்கப்பட்டு, பொடித்துளிகளாகச் சிதறுகிறது. எவ்வளவு பின்னால் இழுக்கிறோமோ அவ்வளவு பெயின்ட் வரும். இதற்குப் பெயர் டபுள் ஆக்‌ஷன். சிங்கிள் ஆக்‌ஷனில் பெயின்ட்டின் அளவை முன்கூட்டியே திருகி வைத்துவிட்டு, காற்றை மட்டும் விரலால் கட்டுப்படுத்த வேண்டும். ஒரே நிறத்தைப் பரவலாக அடிக்க அது போதும். ஆனால் நிறத்தை மெல்ல மங்கவைக்கும் வேலைக்கு டபுள் ஆக்‌ஷன்தான் சரி.

எதை வாங்கலாம்

முதல் ஏர்பிரஷுக்கு என் பரிந்துரை: டபுள் ஆக்‌ஷன், மேலே பெயின்ட் ஊற்றும் கப் உள்ளது, நாசில் 0.3 அல்லது 0.35 மில்லிமீட்டர். மேலே கப் இருந்தால் பெயின்ட் தன் எடையிலேயே இறங்கும்; குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யலாம், நாலைந்து சொட்டுப் பெயின்ட்டே போதும். கீழே பாட்டில் மாட்டும் வகை டி-ஷர்ட், பைக் டேங்க் போன்ற பெரிய பரப்புகளுக்கு நல்லது. 0.2 நாசில் கண்ணிமை, முடி போன்ற நுட்பமான வேலைக்கானது. அது சீக்கிரம் அடைக்கும் என்பதால் தொடக்கத்தில் வேண்டாம். பிரைமர் (அடிப்பூச்சு), வார்னிஷ் போன்ற கெட்டியானவற்றுக்கு 0.5 வசதி.

ஜப்பானின் இவாடா எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ் 0.35 நாசிலோடு வருகிறது. பல வேலைக்கும் ஒத்துவரும். அமெரிக்காவின் பேட்ஜர் பேட்ரியட் 105, 0.5 நாசில் கொண்டது. முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் மாடல்கள் பலவற்றில் நாசிலையும் ஊசியையும் மாற்றி அளவைக் கூட்டிக் குறைக்கலாம். பெயரில்லாத மலிவு கிட்டிலும் நன்றாகவே பழகலாம். எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள்: இதற்கு ஊசியும் நாசிலும் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால், ஊசி ஒருமுறை கீழே விழுந்ததும் கருவியின் ஆயுள் முடிந்துவிடும்.

காற்றைக் கொண்டுவரும் ஹோஸ் வாங்கும்போது மரையைப் பாருங்கள். பெரும்பாலான ஏர்பிரஷ்களில் 1/8 அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு) மரை. பேட்ஜர், பாஷே என்ற இரண்டு கம்பெனிகளின் ஏர்பிரஷ்களுக்கும் மரை வேறு, அடாப்டர் தேவைப்படும்.

கம்பிரசரும் தண்ணீரும்

காற்றை அழுத்தித் தரும் கம்பிரசர் டேங்க் உள்ளதாகப் பாருங்கள். டேங்க் இல்லாததில் பிஸ்டனின் துடிப்பு ஹோஸ் வழியாக வந்து கோட்டிலேயே தெரியும். வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் 3 லிட்டர் டேங்கோடு, 4 பாரை எட்டியதும் தானே நின்று, 3 பாருக்கு இறங்கியதும் மறுபடி ஓடும்படி இருக்கும். பார், பிஎஸ்ஐ இரண்டும் அழுத்தத்தின் அளவுகள்; ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. பழைய ப்ரிட்ஜ் கம்பிரசரை மாற்றிக் கட்டிக்கொள்பவர்களும் உண்டு. சத்தமே இருக்காது. ஆனால் அதில் காற்றோடு எண்ணெய் ஆவி வரும். அதைப் பிடிக்க ஃபில்டர் போடாவிட்டால், எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் சின்னச் சின்ன வட்டங்களாக விலகி நிற்கும்.

கடலோர ஊர்களிலும் மழை மாதங்களிலும் பெரிய தலைவலி ஈரம். அழுத்தப்பட்ட காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிறது. அது ஹோஸ் வழியாக வந்து, நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ஒரு பெரிய சொட்டாகப் படத்தின் மேல் விழும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரோடு வரும் ஈரப்பொறி ஓரளவு பிடிக்கும். அதோடு ஏர்பிரஷுக்குக் கீழே ஹோஸில் மாட்டும் சிறிய பொறி ஒன்றையும் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஈரமான நாளில் அந்தத் திருகிலிருந்து வரும் துருநிறத் தண்ணீரைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

அழுத்தத்தை வைக்கும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. டிரிகரை அழுத்தாமல் மீட்டரைப் பார்த்து 20 என்று வைத்தால், காற்று ஓடத் தொடங்கியதும் அது 15க்கோ 16க்கோ இறங்கிவிடும். அதனால் டிரிகரை அழுத்திக் காற்று விட்டுக்கொண்டே ரெகுலேட்டரைத் திருகுங்கள். நுணுக்கமான கோடுகளுக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ, பொதுவான வேலைக்கு 18 முதல் 25 என்று ஆரம்பிக்கலாம். துணிக்கு 40க்கு மேலும் போகும்.

பெயின்ட் கலப்பது

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஏர்பிரஷுக்கென்றே கலந்து விற்கும் வல்லேஹோ மாடல் ஏர், கிரியேடெக்ஸ் போன்றவற்றைக்கூட நம் வெயிலில் கொஞ்சம் இளக்க (நீர்க்க வைக்க) வேண்டியிருக்கும். ட்யூபில் வரும் சாதாரண அக்ரிலிக்கையும் பயன்படுத்தலாம், ஆனால் நன்றாக இளக்கி, மெல்லிய நைலான் துணியில் கட்டாயம் வடிகட்ட வேண்டும். ஒரு சிறு கட்டி நாசிலுக்குள் போனாலும் அன்றைய வேலை நின்றுவிடும்.

எத்தனைக்கு எத்தனை என்று கணக்குக் கேட்பார்கள். நிறத்துக்கு நிறம் மாறும் என்பதால் கணக்கைவிடக் கண்ணை நம்புங்கள். கலவையைக் கிண்ணத்தின் உட்சுவரில் பிரஷால் ஏற்றி விடுங்கள். ஆடை நீக்கிய பால்போல வழிந்து இறங்கி, சுவரில் மெல்லிய நிறப் படலத்தை விட்டுச் செல்ல வேண்டும். படலமே இல்லாமல் ஓடினால் நீர்த்துவிட்டது. தயங்கித் தயங்கி இறங்கினால் இன்னும் சில சொட்டுத் தின்னர் (பெயின்ட்டை இளக்கும் திரவம்) வேண்டும். வெள்ளையும் மஞ்சளும் அதிகம் படுத்தும். அவற்றை ஒரு படி கூடுதலாக இளக்கி, இரண்டு மூன்று முறை அடிப்பது நல்லது.

எந்தப் பெயின்ட்டுக்கு எந்தத் தின்னர் என்பதில் கவனம் வேண்டும். தாமியா அக்ரிலிக்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் இளக்கலாம். அதே ஆல்கஹாலை வல்லேஹோவில் ஊற்றினால் கப்புக்குள்ளேயே திரிந்து கட்டியாகிவிடும். சந்தேகமாக இருந்தால் மூடியில் இரண்டு சொட்டுக் கலந்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கப்பில் ஊற்றுங்கள்.

கோடைக்காலத்தில் நீர் சார்ந்த அக்ரிலிக் ஊசி முனையிலேயே காய்ந்து மொட்டுக் கட்டும். அதற்கு ரிட்டார்டர் என்று ஒரு திரவம் உண்டு. கப்புக்கு ஒன்றிரண்டு சொட்டு போதும். கூடினால் அடித்த பெயின்ட் காயாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். இன்னொன்று: ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து அடிக்காதீர்கள். அது தெளிப்பையும் கலைக்கும், முனையையும் காயவைக்கும்.

மூச்சு

நீர் சார்ந்த பெயின்ட் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். பொடியாகி மிதக்கும் பிளாஸ்டிக்கும் நிறமியும் நுரையீரலுக்குள் போகும். அக்ரிலிக்குக் குறைந்தது என்95 முகக்கவசம் அணியுங்கள். லேக்கர், எனாமல், தின்னர் ஆவிக்கு அது உதவாது. கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும். காட்மியம் கலந்த நிறங்களைத் தெளிக்கவே கூடாது. வண்டிகளுக்கு அடிக்கும், இரண்டு பாகமாக வந்து கலக்கும் 2கே கிளியர் பூச்சின் ஹார்டனரில் (இறுக வைக்கும் திரவம்) ஐசோசயனேட் இருக்கிறது, அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அந்த வேலையை வீட்டில் செய்யாமல், வெளிக்காற்றுக் குழாயோடு முகமூடி வைத்திருக்கும் பெயின்ட் பூத்தில் கொடுத்துவிடுங்கள். லேக்கர் ஆவி தீப்பற்றும் என்பதால், எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டார் அந்த ஆவி போகும் பாதையில் இருக்கக் கூடாது. அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் வேண்டாம்.

கை பழகுவது

கப்பில் தண்ணீரும் சில சொட்டு இங்க்கும் ஊற்றிக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாள் தண்ணீரை உறிஞ்சிப் பரப்பும், அதனால் கொஞ்சம் தடிமனான வெள்ளைக் காகிதம் எடுங்கள்.

விரல் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் டிரிகரை அழுத்திக் காற்றை விடுங்கள். கையை நகர்த்தத் தொடங்குங்கள். நகரும்போதே பின்னால் இழுத்துப் பெயின்ட்டைத் திறங்கள். கோடு முடியும் முன்பு டிரிகரை முன்னால் தள்ளிப் பெயின்ட்டை மூடுங்கள். கை இன்னும் நகரட்டும். கடைசியாகக் காற்றை நிறுத்துங்கள். சுருக்கமாகச் சொன்னால் முதலில் வருவதும் கடைசியில் போவதும் காற்றுதான். பெயின்ட் திறந்திருக்கும்போதே டிரிகரைச் சட்டென்று விட்டுவிட்டால், காற்று நின்றபின் ஒரு துளி முனையில் தங்கும். அது காயும் அல்லது அடுத்த முறை அழுத்தியதும் தெறிக்கும். துப்புகிறது என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

பென்சிலால் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டு, கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பொட்டு வையுங்கள். எல்லாம் ஒரே அளவில் வரும்வரை இதையே செய்யலாம். அப்புறம் இரண்டு பொட்டுகளை இணைக்கும் கோடு. அடுத்து, தடிமனாகத் தொடங்கி மெலிந்து மறையும் கோடு. கை நகர நகர டிரிகர் முன்னால் போக வேண்டும். கடைசியாக, ஒரு பக்கம் கருமையாகவும் மறுபக்கம் வெறும் காகிதமாகவும் படிப்படியாக மங்கும் பரப்பு. மெல்லிய கோட்டுக்கு முனை காகிதத்திலிருந்து ஒன்று இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, பரவலாக அடிக்க 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் நடுவில் நெருங்கி ஓரங்களில் விலகும். முழங்கையோடு கையை நகர்த்துங்கள்.

பெயின்ட் காகிதத்தில் பட்டுச் சிலந்திக்கால் மாதிரி பக்கவாட்டில் ஓடினால், மிக நெருங்கிவிட்டீர்கள், அல்லது பெயின்ட் மிக நீர்த்திருக்கிறது, அல்லது டிரிகரை அதிகம் இழுத்துவிட்டீர்கள். தொட்டால் மணல் மாதிரி சொரசொரப்பாக இருந்தால், துளிகள் வந்து சேரும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டன. அழுத்தத்தைக் குறையுங்கள், கொஞ்சம் நெருங்குங்கள்.

ஒரு கொலு பொம்மைக்கு மறுவண்ணம்

நவராத்திரிக்கு முன் பரணிலிருந்து இறங்கும் பழைய பொம்மைகள் ஏர்பிரஷுக்கு நல்ல வேலை. பண்ருட்டியிலும் மதுரை பக்கத்து விளாச்சேரியிலும் செய்யும் காகிதக்கூழ், களிமண் பொம்மைகள் தண்ணீரைக் குடிக்கும். எனவே ஈரத்துணியால் துடைக்காமல், மென்மையான உலர்ந்த பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தூசியைத் தட்டுங்கள். விரலால் தேய்த்தால் பழைய பெயின்ட் பொடியாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் முதலில் பளபளப்பில்லாத அக்ரிலிக் பிரைமரை மெல்லிய படலமாக இரண்டு முறை அடித்து, நன்றாகக் காயவிடுங்கள்.

புடவைக்கு அரக்குச் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலில் நடுத்தரச் சிவப்பை 20 பிஎஸ்ஐ அளவில், ஒரு கோட்டின் மேல் அடுத்த கோடு பாதி ஏறும்படி பரவலாக அடியுங்கள். ஒரே முறையில் முழு நிறமும் வர வேண்டியதில்லை. முதல் முறை அடியிலுள்ள நிறம் தெரியத்தான் செய்யும். காய்ந்ததும் சிவப்பில் கொஞ்சம் கரும்பழுப்பைக் கலந்து, பொம்மையைத் தலைகீழாகச் சாய்த்து, அதன் பாதப் பக்கத்திலிருந்து தலைப் பக்கமாக அடியுங்கள். மடிப்புகளின் அடிப்பகுதியில் மட்டும் கருமை ஏறும். அடுத்து பொம்மையை நிமிர்த்தி, சிவப்பில் ஆரஞ்சு கலந்து, நேர் மேலிருந்து மிக மெல்லியதாக ஒரு தூறல். இப்போது புடவை மடிப்பில் வெளிச்சம் விழுவது தெரியும். பிரஷால் இதைக் கொண்டுவர அதிக நேரமும் கைத்திறனும் வேண்டும்.

முகம் இன்னும் நுட்பமானது. கன்னத்துக்கு, தோல் நிறத்தில் துளி சிவப்புக் கலந்து, வழக்கத்தைவிட நீர்க்க வைத்து, 12 பிஎஸ்ஐயில் அடியுங்கள். முதலில் பக்கத்தில் வைத்திருக்கும் காகிதத்தில் தெளித்து, டிரிகரை அதே நிலையில் வைத்துக்கொண்டு பொம்மைக்குக் கொண்டு வாருங்கள். கைப்பிடியின் பின்னால் ஊசியைக் கட்டுப்படுத்தும் திருகு இருந்தால் இப்போது அதைப் பயன்படுத்தலாம். விரல் தவறினாலும் அளவுக்கு மேல் இழுக்க முடியாது. நிறம் தெரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். காய்ந்த பின் அது தேவையான அளவுக்குத் தெரியும். பழைய பொம்மையில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் எடுக்கும்போது பழைய பெயின்ட்டும் பெயர்ந்து வரும். வளைவுக்கேற்ப வெட்டிய தபால் அட்டையைக் கையால் பிடித்து மறைத்தால் போதும். கண்ணையும் ஜரிகையையும் பிரஷுக்கு விட்டுவிடுங்கள்.

நிறம் மாற்றும்போது

மீதியைக் கொட்டி, கப்பை டிஷ்யூவால் துடையுங்கள். அந்தப் பெயின்ட்டுக்குரிய தின்னரையோ தண்ணீரையோ கால் கப் ஊற்றி, பிரஷால் சுவரைக் கழுவி, தெளித்து வெளியேற்றுங்கள். அடுத்த முறை ஊற்றியதும் முன்முனையை ஈரத்துணியால் மெல்ல மூடி, டிரிகரை லேசாக இழுங்கள். காற்று பின்னால் திரும்பிக் கப்புக்குள் குமிழியிடும். இடுக்கில் இருக்கும் பெயின்ட் கிளம்பி வரும். கப் நிறைய ஊற்றிக்கொண்டு இதைச் செய்தால் முகத்தில்தான் தெறிக்கும். வெள்ளைத் துணியில் தெளித்துப் பார்த்து நிறமில்லாமல் வந்தால் அடுத்த நிறத்துக்குப் போகலாம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போகும்படி வேலையை அடுக்கிக்கொண்டால் கழுவும் வேலை பாதியாகும்.

நடுவிலும் அடிக்கடி முனையைப் பாருங்கள். தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அதைத் துடைப்பது ஒரு நொடி வேலை.

வேலை முடிந்ததும்

மேலே சொன்னபடி கழுவிவிட்டு ஊசியை எடுக்க வேண்டும். கைப்பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, பின்பக்கமாக மெதுவாக இழுங்கள். முதலில் கழுவாமல் இழுத்தால் ஊசியில் ஒட்டிய பெயின்ட் உள்ளே கசிவைத் தடுக்கும் பேக்கிங் வளையத்தில் பூசிக்கொள்ளும். ஊசியைத் தின்னர் நனைத்த டிஷ்யூவுக்கு நடுவே வைத்து, அடியிலிருந்து முனையை நோக்கிச் சுழற்றியபடி இழுத்துத் துடையுங்கள். எதிர்த்திசையில் துடைத்தால் முனை டிஷ்யூவிலும் ஏறும், விரலிலும் ஏறும்.

நாசிலைத் தினமும் கழற்ற வேண்டியதில்லை. அடைத்திருந்தாலோ, வேறு வகைப் பெயின்ட்டுக்கு மாறினாலோ கழற்றினால் போதும். 0.3 போன்ற மரையுள்ள நாசில் குண்டூசித் தலையளவே இருக்கும். தட்டில் வெள்ளைத் துணி விரித்துக் கழற்றுங்கள். கொஞ்ச நேரம் தின்னரில் ஊறவைத்து, கூரான மரக்குச்சியாலோ நாசில் துளையைச் சுத்தம் செய்வதற்கான ரீமராலோ பின்பக்கமிருந்து மெல்லச் சுழற்றி எடுக்கலாம். தையல் ஊசியையோ கம்பியையோ விட்டால் துளை விரிந்துவிடும், அப்புறம் அந்த நாசில் உதவாது. மாட்டும்போது விரலால் முடிந்தவரை திருகி, ஸ்பேனரால் மிக லேசாக ஒரு தொடல். அதற்கு மேல் முறுக்கினால் மரை உள்ளேயே முறிந்து தங்கிவிடும்.

கப்பிலிருந்து நாசிலுக்குப் போகும் வழியைச் சுத்தம் செய்ய, மருந்துக்கடையில் கிடைக்கும் பல்லிடுக்கு பிரஷ் அருமையான சாமான். முழுக் கருவியையும் தின்னரில் ஊறப்போடாதீர்கள், ரப்பர் வளையங்கள் ஊதிவிடும். அம்மோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவத்தில் தெளித்துக் கழுவலாம். ஊறவைத்தால் பித்தளையை அரிக்கும்.

ஊசியைத் திரும்பப் போடும்போது அதன் தண்டில், முனையில் அல்ல, ஏர்பிரஷுக்கான லூப்ரிகன்ட் ஒரு பொட்டு வையுங்கள். சிலிகான் எண்ணெய் வேண்டாம், பெயின்ட் விலகும். ஊசி போய்த் தடுக்கும் இடத்தில் நிறுத்தி நட்டை இறுக்குங்கள். குத்தித் தள்ளினால் நாசிலின் வாய் பிளக்கும்.

தொல்லை வந்தால் எங்கே பார்ப்பது

கப்பில் குமிழி வந்தால் காற்று நாசில் வழியாகத் திரும்புகிறது. நாசில் தளர்வாக இருக்கும், பிளந்திருக்கும், அல்லது முன்மூடி அடைத்திருக்கும். தளர்வு என்றால் மரையில் துளி தேன்மெழுகு பூசித் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிரிகரை இழுக்காமலே பெயின்ட் வந்தால் ஊசி முழுவதும் முன்னால் போய் உட்காரவில்லை, அல்லது நாசிலில் பிளவு இருக்கிறது. டிரிகர் திரும்ப வரச் சோம்பினால் ஊசித் தண்டில் பெயின்ட் காய்ந்திருக்கும், அல்லது பேக்கிங் திருகு அதிகம் இறுகியிருக்கும். அழுத்தாமலே காற்று கசிந்தால் அடியிலுள்ள வால்வின் ரப்பரைப் பாருங்கள்.

தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊசி முனை வளைந்திருக்கிறது. கண்ணாடிப் பலகையில் ஊசியை வைத்து உருட்டினால் முனை துள்ளுவது தெரியும். சிறு வளைவு என்றால், முனையின் சரிவு பலகையில் படியும்படி சாய்த்து, விரலால் அழுத்திச் சுழற்றியபடி பின்னால் இழுங்கள். அப்புறம் 2000 எண் தண்ணீர்த் தாளில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நீளவாக்கில் மெல்லத் தேய்த்து மெருகேற்றலாம். கொக்கி மாதிரி மடங்கியிருந்தால் நேராக்கி நாசிலுக்குள் விடாதீர்கள். புது ஊசி நாசிலைவிட விலை குறைவுதான் பெரும்பாலும்.

மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால், கப்பையும் நாசிலையும் முழுவதும் உலர்த்தி, முனைமூடி போட்டு, ஹோஸைக் கழற்றி, டேங்கில் காற்றையும் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டு வையுங்கள். ஒரு நாசிலும் ஒரு ஊசியும் உபரியாக அதே பெட்டியில், எந்த அளவு என்று எழுதி ஒட்டி இருக்கட்டும். 0.3 ஊசி 0.5 நாசிலுக்குள் போய்விடும், ஆனால் மூடாது, சொட்டிக்கொண்டே இருக்கும்.